கொல்லைப்புற வழியாக ஒரு அறுபதாம் கல்யாணம்

வாசல் வழியாக வராதீர்கள். வாசலில் மூங்கிலைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன பந்தல்காரர் போனவர்தான். அதைத் தாண்டினால் கூடம், கூடத்துத் தரை முழுக்கப் புளியங்கொட்டை. அதில் ஒன்று நகர்ந்தாலும் என் ஏழு வயது மகள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். கொல்லைப்புறமாக வாருங்கள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். வாழைத்தாரில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்தால் அடுப்படி. அங்கே யாராவது கையில் ஒரு டம்ளர் காபியைத் திணிப்பார்கள். குடித்துவிட்டு வேடிக்கை பாருங்கள்.

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. நாளை மறுநாள் வியாழக்கிழமை காலையில் திருக்கடையூரில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம். நாளை மத்தியானம் திருச்சியிலிருந்து வேன் கிளம்ப வேண்டும். இன்னும் அப்பாவின் பட்டுச்சட்டை தையல்காரரிடம், சல்லடை எங்கே என்று யாருக்கும் தெரியாது, மாலைக்காரர் போனை எடுக்கவில்லை. எனக்கோ பதற்றத்தில் சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

இந்தப் பதினைந்து நாளில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆகஸ்ட் கடைசியில் அப்பா மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றார். லைன்மேனாகக் கம்பம் ஏறத் தொடங்கி லைன் இன்ஸ்பெக்டராக இறங்கினார். மூட்டை மூட்டையாகச் சால்வை வந்தது. அதை அடுக்கி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுச் சந்திர கிரகணம். அது முடிந்த நாலாவது நாள் அப்பாவின் நட்சத்திரம். "மாளய பட்சத்துல நல்ல காரியமா?" என்று பெரியப்பா கிளப்பிய கேள்விக்குக் குருக்களிடமிருந்து போனிலேயே பதில் வந்துவிட்டது. இது புதுக் கல்யாணம் இல்லை, சாந்தி. ஜன்ம நட்சத்திரத்தில் செய்வதற்குத் தடையில்லை. அதுவும் திருக்கடையூரில் வருஷம் முழுக்க நடக்கிறது. பெரியப்பா அரை மனசாகச் சமாதானமானார். மீதி அரை மனசுக்குப் பாதுஷா கொடுத்தோம்.

சரி, புளியங்கொட்டைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிடையாது, மணி கிடையாது. ஒரே ஒரு மாணவி. ஆசிரியர்கள் நான்கு பேர்: பத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்க்கிற நான், செல்போன் பழுது பார்க்கிற என் கணவர், கம்பம் ஏறிய தாத்தா, எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாச்சி. இவர்களில் உண்மையிலேயே பாடம் நடத்தத் தெரிந்தவர் கடைசியில் சொன்னவர் ஒருவர்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

மகளை யூ.கே.ஜி.யோடு பள்ளியிலிருந்து நிறுத்தினோம். காலை ஏழரைக்குச் சீருடை போட்டதும் வாந்தி எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டாள். மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வயிறு நல்லாத்தான் இருக்கு" என்றார். மீதியை நாங்கள் புரிந்துகொண்டோம். டோட்டோ-சான் புத்தகத்தைப் படித்துவிட்டு ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற பள்ளிக்காக ஏங்கிய தாய்மார்களில் நானும் ஒருத்தி. திருச்சி ஜங்ஷன் பக்கத்திலேயே குடியிருந்தும் அப்படியொரு பெட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டிலேயே நடத்திப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டோம்.

இறங்கிய முதல் மாதம் நான் அடித்த கூத்து! சுவரில் கால அட்டவணை. ஒன்பது மணி தமிழ், பத்து மணி கணக்கு, பதினொன்று "இடைவேளை". இடைவேளைக்கு நானே ஸ்பூனால் தட்டில் மணி அடித்தேன். மூன்றாம் நாள் மகள், "அம்மா, நீ வீட்டுலயும் மிஸ்ஸா ஆயிட்டியா?" என்று கேட்டாள். அட்டவணையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதினேன். அந்த மளிகைச் சீட்டைத்தான் அவள் முதன்முதலில் தடுமாறாமல் வாசித்தாள். "துவரம்பருப்பு ஒரு கிலோ. கடுகு நூறு." ஒருநாள் 'பெருங்காயம்' என்பதை வாசித்துவிட்டு, யாருக்கு அடிபட்டது என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு பாடம் எங்கே நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவருக்கு முன்னாலேயே மின்மீட்டரை இவள் வாசித்துவிடுவாள். பழைய கணக்கைக் கழித்து, இலவச 100 யூனிட்டைத் தள்ளி, "அம்மாச்சி, மிக்ஸிய கொஞ்சமா ஓட்டு" என்று உத்தரவு போடுவாள். இட்லி மாவு பொங்குவதைப் பார்க்கப் பாத்திரத்தில் மார்க்கரால் கோடு போட்டு, மணிக்கு ஒருமுறை எழுந்து பார்ப்பாள். ஒருநாள் அதிகாலை நாலு மணிக்கு மாவு பொங்கித் தரையெல்லாம் ஓட, இவள் அளவுகோலோடு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அறிவியல் வகுப்பு ரத்து.

சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வியை நீங்களும் கேட்கத் துடிப்பது தெரிகிறது. சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பற்றி அதில் தெளிவான வரி எதுவும் இல்லை. வீட்டில் படித்த பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். அதற்குப் பதினாலு வயது நிறைந்திருந்தால் போதும். "அப்புறம் கலெக்டர் ஆவாளா?" என்றார் பெரியப்பா. பள்ளிக்கூடம் போன அவர் பிள்ளைகள் மூன்று பேரும் ஆகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை ஒளிக்க மாட்டேன். எல்லோரையும் இப்படிச் செய்யச் சொல்லவும் மாட்டேன். பகலில் வீட்டில் பெரியவர்கள் இருக்க வேண்டும். என் மாதிரி வீட்டிலிருந்தே செய்கிற வேலை வேண்டும். சத்துணவை நம்பிப் பள்ளிக்குப் போகிற குழந்தையிடம் போய் வீட்டிலேயே படி என்று சொல்வது கொடுமை. நானும் சில நாள் கத்துகிறேன். மெய்ப்புக்குக் கெடு நெருங்கும்போது இவள் "ஏன் ழகரத்துக்கு வால் இருக்கு?" என்று வந்து நின்றால், போனைக் கையில் கொடுத்துத் துரத்தியிருக்கிறேன். சாயங்காலம் தெருப்பிள்ளைகள் பையோடு திரும்பும் நேரத்தில் இவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எந்தப் புத்தகமும் உதவாது. நாலரைக்கு அந்தப் பிள்ளைகள் பையை எறிந்துவிட்டு எங்கள் வீட்டுக்கே ஓடிவந்துவிடும். அப்புறம் சத்தத்தில் நானே பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று பார்ப்பேன்.

இப்போது கொட்டை.

"அறுபது வயசானா ஏன் மறுபடி கல்யாணம்?" என்று ஆடி மாதமே கேள்வி வந்துவிட்டது. அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். தமிழ் வருஷங்கள் பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது. தாத்தா பிறந்த 1965-இல் நடந்தது விசுவாவசு. அறுபதும் ஒரு சுற்று வந்து இப்போது மறுபடி விசுவாவசு. பிறந்த வருஷமே திரும்பி வந்திருக்கிறது, அதனால் தாத்தா புதுசாகப் பிறந்த கணக்கு, புதுசாகப் பிறந்தவருக்குப் புதுசாகக் கல்யாணம். இந்த விளக்கம் அவளுக்குப் போதவில்லை. "ஏன் அறுபது? ஏன் அம்பது இல்ல?"

குரு சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 வருஷம், சனி சுற்ற ஏறத்தாழ 30. இதைத் துளசி மாடத்தைச் சுற்றி ஓடிக் காட்டுவது என்று முடிவாயிற்று. மகள் குரு, பன்னிரண்டு கைதட்டலுக்கு ஒரு சுற்று. அறுபது வயது அப்பா சனி; முப்பது கைதட்டலுக்கு ஒரு சுற்று. நான் கை தட்டினேன். குரு ஐந்து சுற்று ஓடி மூச்சிரைக்க, சனி இரண்டே சுற்றை நடந்து முடித்து மீசையைத் தடவிக்கொள்ள, சரியாக அறுபதாவது தட்டலில் இருவரும் கிளம்பிய இடத்திலேயே முட்டிக்கொண்டார்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் மூன்று நாள் புரியாத மீச்சிறு பொது மடங்கு அன்றைக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "பெரியவருக்கு ஏதும் வேண்டுதலா?" என்றார்.

"அப்ப நான்?" மகள் 2018-இல் பிறந்தவள், விளம்பி வருஷம். அவளுடைய விளம்பி 2078-இல் வரும். "அன்னிக்கு நீ வருவியா தாத்தா?" என்றாள். அப்பா பதில் சொல்லாமல் ஃபேன் ரெகுலேட்டரைச் சரிபார்க்க எழுந்து போனார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சை மாற்றத்தான் அம்மா எண்பதாம் கல்யாணத்தைச் சொன்னாள் என்று நினைக்கிறேன். எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பது தாண்டினால் சதாபிஷேகம், ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது. ஆயிரமா! இவள் கண் விரிந்தது. "தாத்தா இதுவரைக்கும் எத்தனை பாத்திருக்காரு?"

ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரி இருபத்தொன்பதரை நாளுக்குக் கொஞ்சம் மேல். வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று போட்டால் அறுபது வருஷத்துக்கு 720. ஆனால் மூன்று வருஷத்துக்குள் ஒரு பௌர்ணமி கூடுதலாகப் புகுந்துவிடும். அந்தப் புகுந்த கணக்கை மட்டும் நான் போனில் பார்த்துச் சொன்னேன். மீதி முழுக்க அம்மா ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த புளியங்கொட்டை. பல்லாங்குழிக்கும் வறுத்துத் தின்பதற்குமாக வைத்திருந்தாள். வறுக்க வேண்டிய கொட்டையெல்லாம் வானத்துக்குப் போய்விட்டதே என்று இன்றுவரை புலம்புகிறாள்.

ஞாயிறு ராத்திரி மொட்டை மாடிக்கு எல்லோரும் பாயோடு ஏறினோம். பத்து மணிக்குச் சற்று முன்னால் நிலாவின் ஓரத்தை நிழல் கடிக்கத் தொடங்கியது. மேகம் வேறு வந்து வந்து மறைத்தது. "சாப்பிடக் கூடாது" என்றாள் அம்மா, "பசிச்சாத்தான் கிரகணம் தெரியும்" என்றார் அப்பா. முறுக்கு ரகசியமாகக் கைமாறியது. பதினொரு மணிக்கு நிலா முழுக்க நிழலுக்குள் போய்ச் செம்புப் பாத்திரம் மாதிரி ஆயிற்று. பன்னிரண்டே கால் தாண்டும் வரை அப்படியே நின்றது. இவள் தாத்தா மடியில் கிடந்தபடி, "இது தாத்தாவோட 743-வது" என்று அறிவித்தாள். ஆயிரத்துக்கு இன்னும் 257.

அப்போதுதான் அம்மா, இருட்டில், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள். "எங்க கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமும் இப்படித்தான் ஒரு கிரகணம் பிடிச்சுது. நடுராத்திரி. எங்க மாமியா என்னை வெளிய விடல. இவரு சன்னல் வழியா பாத்துப் பாத்துச் சொன்னாரு."

எனக்கு இது தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் இவர்கள் பிள்ளையாக இருந்திருக்கிறேன், தெரியாது. போனில் தேடிப் பார்த்தேன். 1990 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, நள்ளிரவை ஒட்டி முழுச் சந்திர கிரகணம், தைப்பூசப் பௌர்ணமி. கல்யாணம் அதற்கு முந்திய ஞாயிறு, பிப்ரவரி 4. அம்மா சொன்னது நாள் மாறாமல் சரி.

மகள் விடுவாளா? மறுநாள் காலையிலிருந்து புதுக் கணக்கு: அம்மாச்சியும் தாத்தாவும் சேர்ந்து பார்த்த பௌர்ணமி எத்தனை? 1990 பிப்ரவரி 9 முதல் 2025 செப்டம்பர் 7 வரை, இரண்டு கிரகண நிலாவையும் சேர்த்து, 441.

"நானூத்தி நாப்பதுதான்" என்றார் அப்பா உடனே. அவருக்கு 440 பிடித்துப்போயிற்று. த்ரீ ஃபேஸ் சப்ளைக்கு அவர்கள் வாயில் எப்போதும் 440 வோல்ட்தான். "கல்யாணத்துல 440 வருதுன்னா சும்மாவா! அந்த மொத கிரகணத்தக் கழிச்சிரு. அன்னிக்குத்தான் நிலாவே அவுஞ்சு போச்சே."

"அப்ப நேத்து நிலாவையும் கழிக்கணும். அதுவும் அவுஞ்சுச்சு. 439."

"அது கடைசியில திரும்ப வந்துச்சுல்ல?"

"அதுவும் திரும்ப வந்துருக்கும்ல தாத்தா?"

சப்ளை போய்த் திரும்ப வந்தால் அதை மின்தடை என்று பதிவேட்டில் எழுதுவதா வேண்டாமா என்று அப்பா ஐந்து நிமிஷம் சட்டம் பேசினார். முப்பது வருஷ சர்வீஸ் ஏழு வயதிடம் தோற்றது. 441 நிலைத்தது.

அந்த 441 கொட்டையைத்தான் கூடத்தில் பரப்பியிருக்கிறாள். பத்துப் பத்தாக அடுக்கினாள், ஒன்று மிஞ்சியது. பன்னிரண்டாக அடுக்கினாள், ஒன்பது மிஞ்சியது. பார்த்துக்கொண்டே கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அம்மா, "வரிசைக்கு இருபத்தொண்ணு வச்சுப் பாருடி" என்றாள். வைத்தாள். இருபத்தொரு வரிசை, வரிசைக்கு இருபத்தொன்று, ஒன்று மிச்சமில்லை, ஒன்று குறையவில்லை. பிசிறில்லாத சதுரம்!

நான் கத்தியே விட்டேன். "எப்படிம்மா தெரியும்?"

"இதுல என்ன இருக்கு. இருபத்தொரு புள்ளி, நேர்ப்புள்ளி. பெரிய கோலம் போட்டா மாவு எவ்வளவு ஆகும்னு கணக்குப் பாக்க மாட்டோமா?"

நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று பார்த்தே எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுகிற ஒரு தலைமுறை நம் அடுப்படிகளில் இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிப் பார்த்தார் என்று எங்கோ மெய்ப்புப் பார்த்தபோது படித்து, அடடா என்று வியந்திருக்கிறேன். வியந்துவிட்டு வெளியே வந்து, அம்மாவிடம் கோலம் கோணல் என்று குறை சொல்லியிருக்கிறேன். என் மாதிரி ஆட்களைப் பாடம் நடத்த விட்டால் இப்படித்தான்.

ஆக, கூடத்தில் கிடப்பது கொட்டை இல்லை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனம். காலை உயர்த்தித் தாண்டி வாருங்கள்.

அந்தக் குடித்தனத்தைப் பற்றி வெளியே யாரும் பாட்டு எழுத மாட்டார்கள். இவர்கள் கைகோத்து நடந்து நான் பார்த்ததில்லை. "என்னங்க", "இந்தா" இரண்டே சொல்லில் ஓடிய வண்டி அது. ஆனால் ஒரு சொல் உண்டு. கம்பம் ஏறி வேலை பார்க்கிற நாளில், வேலை முடிந்ததும் அப்பா எங்கிருந்தாவது போன் செய்து ஒரே வார்த்தை சொல்வார்: "இறங்கிட்டேன்." செல்போன் வராத காலத்தில் எதிர்வீட்டு மளிகைக்கடைக்குப் போன் வரும். கடைக்காரர் வாசலில் நின்று, "இறங்கிட்டாராம்!" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் அம்மா தட்டை எடுப்பாள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அப்பாவும் போனார். இவள் அப்போது கைக்குழந்தை. வாரக்கணக்கில் அங்கே டவர் இல்லை, போன் இல்லை. அம்மா அந்த நாட்களில் நின்றுகொண்டே ஏதோ கொறித்தாள், தட்டு எடுக்கவில்லை. திரும்பிவந்த அப்பா வாசலில் நின்று சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்ன முதல் வார்த்தை உங்களுக்கே தெரியும்.

ஓய்வு பெற்ற அன்றைக்கும் மாலையும் கழுத்துமாக ஆட்டோவிலிருந்து இறங்கும் முன் தெருமுனையிலிருந்து போன் செய்தார். அம்மா காதில் வைத்துக் கேட்டாள். "சரி, கை கால் கழுவிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

புதன்கிழமை அதிகாலை. சல்லடை கிடைத்துவிட்டது (மாடியில், மகளின் மண் ஆராய்ச்சியில்). தெருவில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. அம்மா வாசலைத் தெளித்துப் பெருக்கி, கோலமாவோடு குனிந்தாள். மகள் கூடத்துச் சதுரத்தைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி எண்ணிச் சொல்ல, இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. பந்தல்காரர் மூங்கிலோடு ஓரமாக ஒதுங்கி நின்றார். புள்ளி முடிந்ததும் சிக்கு இழுக்க ஆரம்பித்தாள். ஒரே இழை, வளைந்து நெளிந்து, புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி. பாதியில் அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்தாள். நான் வாங்கினேன், கோணினேன், துரத்தப்பட்டேன். அப்போது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மாவு டப்பாவை நீட்டச் சொன்னார். "எந்தப் புள்ளியில விட்ட?" லைன் இழுத்த கை. நடுங்காமல் இழுத்துக்கொண்டே போனது. அம்மா பின்னால் நின்று, "இடது பக்கம்... மேல ஏத்துங்க... இப்ப இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அப்பா கோலம் போட்டு நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இழை தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேர்ந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. பெரியப்பா போட்டோ எடுத்தார், தன் கட்டைவிரலையும் சேர்த்து.

திருக்கடையூரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினாறு வயதில் முடிய வேண்டிய மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த அட்டவீரட்டத் தலம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது மேடைக்குப் பின்பக்கத்தை. காலை ஐந்து மணிக்குத் தங்கும் விடுதிகளின் மாடிப்படிகளில் நின்று பாருங்கள். அறைக்கு அறை ஒரு மாப்பிள்ளை தொலைந்துபோயிருப்பார். எல்லா மாப்பிள்ளைக்கும் சர்க்கரை மாத்திரை போட வேண்டும். எல்லாப் பெண்ணுக்கும் முழங்கால் வலி. மகள்கள் அம்மாக்களுக்குப் பூ வைத்துவிடுகிறார்கள், "ஆடாம இரும்மா" என்று அதட்டியபடி. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் யார் யாரை இப்படி அதட்டினார்கள் என்று நினைத்து நான் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பசுவுக்குப் பூஜை, யானைக்குப் பூஜை, கோயில் பிராகாரத்தில் வரிசை வரிசையாக ஹோமம். கலசம் 16, 32, 64 என்று அவரவர் சக்திக்குத் தக்கபடி. ஒரு தம்பதிக்கும் அடுத்த தம்பதிக்கும் இடையில் ஒரு கை அகலம்தான். எங்கள் புகை அவர்கள் கண்ணில், அவர்கள் மேளம் எங்கள் காதில். மகள், பக்கத்து ஹோமத்தில் உட்கார்ந்திருந்த முற்றிலும் தெரியாத ஒரு தாத்தாவிடம் போய், "நீங்களும் விசுவாவசுவா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அதற்கடுத்தவரும் ஆமாம். ஒரு வரிசையையே வகுப்புத் தோழர்களாக அறிமுகம் செய்துவைத்துவிட்டு வந்தாள்.

அபிராமி பட்டர் கதையை நேற்றே வேனில் சொல்லியிருந்தோம். சரபோஜி மன்னரிடம் தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டு, பட்டர் அந்தாதி பாட, அம்மன் தன் தோட்டை வானில் வீசி நிலவாக்கினாள் என்பது கதை. "அமாவாசைல நிலா சூரியன் பக்கம்ல இருக்கும்?" என்று கேட்டவள், சந்நிதியில் அபிராமியின் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நிலாவையும் கணக்குல சேக்கணுமாம்மா?" என்றாள் கடைசியில். எனக்குப் பதில் தெரியவில்லை. குருக்களைக் கேட்கச் சொன்னேன். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்து, "சேத்துக்கோ" என்றார்.

அபிஷேகத்துக்கு அப்பாவும் அம்மாவும் மனையில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் சல்லடை. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலச நீரை ஊற்றினோம். இவள் முறை வந்தபோது எம்பி எம்பி ஊற்றியதில் பாதி குருக்கள் மேல். பனியனும் வேட்டியுமாக நனைந்த அப்பா குளிரில் நடுங்க, அம்மா தன் ஈர முந்தானையால் அவர் முகத்தைத் துடைக்கப் பார்த்தாள். ஈரத்தால் ஈரத்தைத் துடைத்து என்ன ஆகும்? ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உடை மாற்றி வந்து உட்கார்ந்ததும் கெட்டிமேளம். அப்பா மாங்கல்யத்தைக் கையில் எடுத்தார். லைனில் கை வைப்பதற்கு முன் லைன் கிளியர் வாங்க வேண்டும் என்பது அவர் தொழிலில் உயிர் விதி. சப்ளையை நிறுத்தியாயிற்று என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னால்தான் இந்தப் பக்கம் தொடலாம். அத்தனை மேளச் சத்தத்திலும் அவர் அம்மாவின் காதருகே குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது.

"எல்.சி. குடுத்தாச்சா?"

அம்மா நிமிரவில்லை. "ம். கட்டுங்க."

மறுநாள் விருந்து, பந்தல், பாத்திரம் கழுவல் எல்லாம் வழக்கம்போல. அதை விடுங்கள்.

வீடு அடங்கியதும் மகள் கொட்டைகளைப் பிரித்துவைத்தாள். பார்த்த 743 மண்பானையில். ஆயிரத்துக்குப் பாக்கி 257 கண்ணாடி பாட்டிலில். பௌர்ணமிக்கு ஒரு கொட்டை பாட்டிலிலிருந்து பானைக்கு மாற வேண்டும். கணக்குப்படி 2046-இல் பாட்டில் காலியாகும். அன்றைக்குச் சதாபிஷேகம்.

புரட்டாசிப் பௌர்ணமி, அக்டோபர் 6. நிலாவைப் பார்த்துவிட்டு இறங்கிவந்து ஒரு கொட்டையை மாற்றினாள். மீதி 256 இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாள். 312 இருந்தது. பத்துப் பத்தாக அடுக்கி மறுபடி எண்ணினாள். 312. என்னைப் பார்த்தாள், நான் இல்லை என்றேன். அவள் அப்பா இல்லை என்றார்.

அடுப்படியில் அம்மா எங்கள் பக்கம் திரும்பாமல் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்கிற புளியில் ஒரு கொட்டைகூட இல்லை.

அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுப்படியையும் ஒருதரம் பார்த்தார்.

"மீட்டர்ல யாரோ கை வச்சிருக்காங்க" என்றார்.